தாய்வீடு அக்கரையில: வாசகர் கேள்வி பதில்

டிவில ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்தேன். கோலன் குன்றுகள்னு ஒரு இடம், கல்யாணப் பொண்ணு வெள்ளை டிரஸ்ல எல்லைல நிக்கிறா, அந்தப் பக்கம் போயிட்டா திரும்ப வரவே முடியாதாம். நடுவுல பாஸ்போர்ட்ல குத்துற ஒரு முத்திரைக்காக வேற தகராறு. இதெல்லாம் நெஜமா, இல்ல சினிமாவுக்காகவா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

நெஜம்தாம்மா. 1967 ஜூன்ல ஆறு நாள் போர் நடந்துச்சே, அதுல சிரியா கையில இருந்த கோலன் குன்றுகளை இஸ்ரேல் பிடிச்சுது. அங்க இருந்த சிரியா ஜனங்கள்ல பெரும்பாலானவங்க ஊரை விட்டே போக வேண்டியதாச்சு, மிஞ்சினது விரல் விட்டு எண்ணிடற ஊருங்கதான். அதுல மஜ்தல் ஷம்ஸ், புகாத்தா, மஸ்ஆதா, ஐன் கின்யா, இந்த நாலும் ட்ரூஸ்ங்கற தனி மதப் பிரிவு ஜனங்களோட ஊர். அண்ணன் இந்தப் பக்கம் தங்கிட்டான், அக்கா சிரியா தலைநகர் டமாஸ்கஸ்ல வாக்கப்பட்டிருந்தா, அவ்வளவுதான், நடுவுல வேலியும் கண்ணிவெடியும் வந்துடுச்சு. 1974 மே 31 ஒப்பந்தத்துக்கு அப்புறம் நடுவுல ஐநா படை காவலுக்கு நிக்குது.

ட்ரூஸ் ஜனங்க தங்களுக்குள்ளதான் கல்யாணம் பண்ணுவாங்க, வெளியில பண்ணிக்கிறத ஏத்துக்க மாட்டாங்க. நாலு ஊருக்குள்ள எத்தனை வரன் பார்க்க முடியும், சொந்தமெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு, அதுவும் போக சிரியாவுல உள்நாட்டுப் போர் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ப் பசங்க டமாஸ்கஸ் யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போவாங்க, அங்க மனசு ஒத்துப் போயிடும். அப்படித்தான் இந்தக் கல்யாணங்கள். அப்ப செஞ்சிலுவைச் சங்கம் ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல பேசி, குனேத்ரான்னு ஒரு சோதனைச் சாவடி, அது வழியா பொண்ணை அனுப்பி வைக்கும். ரெண்டு வீட்டு ஜனங்களும் அந்த நடுவாந்தர இடத்துல கொஞ்ச நேரம் நின்னு கட்டிப் பிடிச்சு அழுதுக்கலாம். அப்புறம் அம்மா அப்பா இந்தப் பக்கம் திரும்பணும், பொண்ணு அந்தப் பக்கம் நடக்கணும்.

முத்திரை விஷயம் கேட்டீங்கல்ல, அது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மொத்த சண்டையும் அதுக்குள்ளதான் இருக்கு. 1981 டிசம்பர்ல இஸ்ரேல் ஒரு சட்டம் போட்டு கோலனை தன்னோட சேர்த்துக்கிச்சு. அது செல்லாதுன்னு ஐநா பாதுகாப்பு கவுன்சில் 497ஆம் தீர்மானம் போட்டுச்சு. அந்த ஊர் ஜனங்க 1982ல மாசக்கணக்குல வேலைநிறுத்தம் பண்ணாங்க, பெரும்பாலானவங்க இஸ்ரேல் குடியுரிமையே வேண்டாம்னுட்டாங்க. அதனால அவங்க பயணப் பத்திரத்துல தேசம்ங்கற இடத்துல எந்த நாட்டுப் பேரும் கிடையாது, வரையறுக்கப்படாததுன்னு இருக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, பொண்ணு நாட்டை விட்டு வெளிய போறான்னு இஸ்ரேல்காரங்க முத்திரை குத்தினா, சிரியாக்காரங்க "அவ எங்க வெளிய போறா, சிரியாவுல இருந்து சிரியாவுக்குத்தானே வர்றா"ன்னு கேப்பாங்க. ரெண்டு ராஜ்யத்துக்கு நடுவுல இருக்கற இந்த வழக்குக்கு கல்யாணப் பொண்ணோட கையில இருக்கற காகிதம்தான் களம்.

எனக்கு இதுல மனசு கிடந்து அடிச்சுக்கிற இடம் வேற. நம்ம சடங்கை எல்லாம் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மறுவீடு, தலை தீபாவளி, ஆடி அழைப்பு, தலைப் பிரசவத்துக்கு தாய்வீடு, காதுகுத்துக்கு தாய்மாமன் மடி. கல்யாணத்துக்குப் பின்னாடி வர்ற அத்தனையும் பொண்ணு பொறந்த வீட்டுக்குத் திரும்பி வர்றதை நம்பி ஏற்பட்டதுதான். ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே புருஷன் வீட்டுக்குக் கிளம்புறதை நம்மால தாங்கிக்க முடியுதுன்னா மூணாம் நாள் மறுவீட்டுக்கு வந்துடுவாங்கற தைரியத்துலதான். எல்லைங்கறது மொதல்ல வெட்டுறது அந்த மறுவீட்டைத்தான். அதையும் பெரும்பாலும் பொண்ணுக்குத்தான் வெட்டுது, ஏன்னா வீடு மாறிப் போறவ அவதானே.

நம்ம தமிழ் ஜனங்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கா? சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம்னு பேரு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன், அதுக்கும் குடும்பம் பிரியறதுக்கும் என்ன சம்பந்தம்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்)

சம்பந்தம் இருக்கு சார், என் வீட்டுக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

சிலோன்ல வெள்ளைக்காரன் காலத்துல காபித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம் போட நம்ம பக்கத்து ஜனங்களைத்தான் கங்காணிங்க கூட்டிட்டுப் போனாங்க. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம், உங்க ஊர்ப் பக்கமும்தான். மூணு நாலு தலைமுறை அங்கயே கொழுந்து பறிச்சு, லயம்னு சொல்ற வரிசை வீட்டுலயே பொறந்து அந்த லயத்துலயே செத்தாங்க. 1948ல சுதந்திரம் வந்துச்சு, அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்துல இவங்கள்ல பெரும்பாலானவங்க நாடே இல்லாதவங்களா ஆயிட்டாங்க. அதுக்கப்புறம் 1964 அக்டோபர் 30ந்தேதி நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவங்க பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்து போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. அதுல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை சிலோன் வச்சுக்கும், மீதி 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டு 1974ல ஆளுக்கு 75,000னு பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. எங்க இருக்கணும்னு அந்த ஜனங்களை உட்கார வச்சு யாரும் கேட்கல.

இதுல ஒரு விகிதம் உண்டு. 7 பேர் இந்தியாவுக்குப் போனா 4 பேருக்கு சிலோன் பிரஜாவுரிமை. ஏழுக்கு நாலு. இந்த விகிதம் ஒரு தோட்டத்துக்குள்ள, ஒரு லயத்துக்குள்ள, ஒரு வீட்டுக்குள்ள இறங்கும்போது என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அண்ணன் இந்தியாவுக்கு மனு போட்டிருப்பான், தம்பி சிலோனுக்குப் போட்டிருப்பான். அக்கா ஏழுல, தங்கச்சி நாலுல. சிலோன்லயே இருந்துக்கறோம்னு எழுதிக் கொடுத்தவங்கதான் அதிகம், ஆனா இடம் அத்தனை பேருக்கு இல்லையே. கட்டிக் கொடுத்த பொண்ணு புருஷன் பேரு எந்தப் பட்டியல்ல வருதோ அந்த நாட்டுக்காரி ஆயிடுவா.

எங்க பாட்டி ஏழுல வந்துட்டாங்க. அவங்க அப்பா அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாரும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துல நின்னுட்டாங்க. 1972ல பாட்டி, தாத்தா, அப்ப பதினேழு வயசு எங்கம்மா, மூணு பேரும் கோச்சில, அதாவது ரயில்ல ஏறி தலைமன்னார் வந்து, அங்கருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே அழிஞ்சு போனதால கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கறது முப்பது கிலோமீட்டர் சொச்சம் தண்ணி, அவ்வளவுதான், சேலத்துல இருந்து நாமக்கல் தூரம்கூட கிடையாது சார்.

தலவாக்கலை ஸ்டேஷனைப் பத்தி பாட்டி சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. மொத்த தோட்டமே வந்து பிளாட்பாரத்துல நிக்குமாம், கோச்சி நகர ஆரம்பிச்சதும் ஜன்னல் வழியா கையைப் பிடிச்சுக்கிட்டே கூட ஓடி வருவாங்களாம், பிளாட்பாரம் முடியற இடத்துல கையை விட்டே ஆகணும். பாட்டியோட தங்கச்சி கையை விடும்போது ஒரு கண்ணாடி வளையல் உடைஞ்சு, அந்தத் துண்டு ஒண்ணு பாட்டி முந்தானையில மாட்டிக்கிச்சு. அதை சுருக்குப் பையில வெத்தலைக்குக் கீழ வச்சிருந்தாங்க, பச்சைக் கலர், நான் சின்ன வயசுல அதை வச்சு விளையாடப் போய் அடி வாங்கிருக்கேன்.

இங்க வந்தா என்ன, தாயகம் திரும்பியோர்னு அரசாங்கம் பேரு வச்சுது, ஊரு ஜனம் சிலோன்காரங்கன்னு கூப்பிட்டுச்சு. இவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல நீலகிரியில அரசுத் தேயிலைத் தோட்டத்தை ஆரம்பிச்சாங்க, இப்ப டான்டீன்னு சொல்றோமே அது. அங்க கொழுந்து பறிச்ச கை இங்கயும் கொழுந்து பறிச்சுது. நீல நிற ஏர்மெயில் கடுதாசி வரும், "நாங்கள் அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்"னு ஆரம்பிச்சு, உள்ள இடமில்லாம மடிப்புல எல்லாம் எழுதியிருக்கும், பசை போட்டு ஒட்டின இடத்துல எழுத்து கிழிஞ்சு போயி, அந்த ஒரு வார்த்தை என்னவா இருக்கும்னு வீடே உட்கார்ந்து யோசிக்கும். ஒருக்கா ஒரு கேசட் வந்துச்சு. தங்கச்சி பேசி பதிவு பண்ணி யார்கிட்டயோ கொடுத்து விட்டிருந்தாங்க. பேச்சை விட லயத்துத் தகரத்துல விழற மழைச் சத்தம்தான் பெருசா கேட்டுச்சு. பாட்டி பேச்சு முடிஞ்ச பிறகும் நிறுத்த விடல, அந்த மழை தீர்ற வரைக்கும் ஓட விட்டாங்க.

அப்புறம் 83 கலவரம், அதுக்கடுத்த வருஷம் கப்பலும் நின்னு போச்சு. 1986ல பாட்டி செத்துட்டாங்க. பொம்பளைக்கு கடைசியா போடற சேலை பொறந்த வீட்டுக் கோடியாதானே இருக்கணும். தலவாக்கலைக்கு தந்தி கொடுத்துட்டு யாரு வரப் போறா? பெரியவங்க என்ன பண்றதுன்னு தெரியாம நின்னப்ப, ரெண்டு லைன் தள்ளி இருந்த ஒரு அம்மா, அவங்க மாமியார் வீடு அதே தோட்டம், பொட்டியைத் திறந்து புதுச் சேலை ஒண்ணு எடுத்துட்டு வந்து, "நானும் அந்தத் தோட்டத்துத் தண்ணி குடிச்சவதான், நான் போடறேன்"னு போட்டாங்க. அரக்குக் கலர் சேலை. அப்ப எனக்குப் பதிமூணு வயசு. ஏழுக்கு நாலுங்கற கணக்கு எனக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான் சார்.

இப்பதான் வாட்ஸ்அப் வீடியோ கால் இருக்கே, எல்லைன்னா இனிமே என்ன பெரிய விஷயம், தினமும் பார்த்துப் பேசிக்கலாமே?
(கல்லூரி மாணவி, மதுரை)

பேசிக்கலாம்மா, அது பெரிய வரம், நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன். அந்த கோலன்ல மஜ்தல் ஷம்ஸ் ஊருக்கு வெளிய ஒரு மேடு இருக்கு, கத்துற குன்றுன்னே அதுக்குப் பேரு. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் இவங்க, அந்தப் பக்கம் அவங்க, கையில மெகாபோன், கழுத்துல பைனாகுலர். குழந்தை பொறந்தா கத்தித்தான் சொல்லணும், அப்பா செத்துட்டார்னாலும் கத்தித்தான் சொல்லணும், ரகசியம்னு ஒண்ணு புருஷன் பொண்டாட்டிக்குள்ளகூட முடியாது. செல்போனும் இன்டர்நெட்டும் வந்ததும் அந்த மேட்டுல கூட்டம் குறைஞ்சு போச்சு. இன்னொரு வழியும் அவங்களுக்குக் கிடைச்சுது, 1994ல இஸ்ரேலும் ஜோர்டானும் சமாதானம் ஆனதுக்கப்புறம் ரெண்டு பக்கத்து சொந்தமும் ஜோர்டான் தலைநகர் அம்மான் போயி அங்க சந்திச்சுக்குவாங்க. பக்கத்து மேட்டுல இருக்கற அக்காவைப் பார்க்க மூணாவது நாட்டுக்குப் பயணம்.

ஆனா போன் ஒண்ணைச் செய்யாது. போன வருஷம் எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்துல ஒரு சாவு, அந்த அம்மாவோட மகள் அக்கரையில, விசா கைக்கு வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்க. பேரன் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கூட்டத்துல அவன் கை ஆடுது, பாதி நேரம் அவன் கட்டைவிரல் கேமராவை மறைக்குது, அங்கருந்து "மொகத்தைக் காட்டுடா, மொகத்தைக் காட்டுடா"ன்னு சத்தம். கடைசியில வாய்க்கரிசி போடற நேரத்துல நெட் கட்டாயிடுச்சு. மறுபடி லைன் கிடைச்சப்ப வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீ சின்னப் பொண்ணு, இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லல. குளிப்பாட்டறதும் எண்ணெய் தேய்ச்சு விடறதும் வயித்துல கை வச்சுப் பார்க்கறதும் கைதான் பண்ணணும், அதுக்கு உடம்பு பக்கத்துல இருந்தாகணும், அதனாலதான் ஜனங்க ஒரு முத்திரைக்காக வருஷக்கணக்கா அலையறாங்க.

2025 ஜூலைல சிரியாவுல சுவெய்தா பக்கம் ட்ரூஸ் ஜனங்க மேல பெரிய வன்முறை நடந்தப்ப மஜ்தல் ஷம்ஸ் வேலியைத் தாண்டி ரெண்டு பக்கத்துல இருந்தும் நூத்துக்கணக்குல ஓடினாங்க, உனக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த பயத்துக்கு நடுவுலயும் வருஷக்கணக்கா பார்க்காத சொந்தங்க ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பார்த்து அழுதாங்க. அவங்க கையிலயும் போன் இருந்துச்சும்மா.

அக்கா, நான் 1990ல முகாமிலேயே பிறந்தவள். அம்மா அப்பா ரெண்டு பேரும் மன்னாரில் இருந்து வந்தவங்க. 2014ல இந்த ஊர்க்காரரைக் கல்யாணம் செய்தேன், கோயில் கல்யாணம். மகன் 2016ல பிறந்தான். அவர் இந்தியன், நான் அகதி, அப்ப என்ட மகன் யாரு? எனக்கு குடியுரிமை கிடைக்குமா?
(முகாம் சகோதரி, ஊர் பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

தங்கச்சி, ஆறுதலுக்காக எதையாவது சொல்லி உன்னை அலைய விட எனக்கு மனசில்ல, அதனால உள்ளதை உள்ளபடி சொல்றேன். இந்தியாவுல பொறந்தவங்களுக்கு சட்டத்துல மூணு காலம். 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் பொறந்திருந்தா அப்பா அம்மா எந்த நாடா இருந்தாலும் இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பொண்ணு இதைச் சொல்லித்தான் மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போயி பாஸ்போர்ட்டுக்கு 2022ல உத்தரவு வாங்கினாங்க, 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. 1987 ஜூலை 1ல இருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடின்னா அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். நீ 1990, உன் அப்பா அம்மா ரெண்டு பேருமே அக்கரை, அதனால பிறப்பு வழி உனக்கு அடைபட்டுப் போச்சு. நாலு வருஷம் முன்னாடி நீ பொறந்திருந்தா கதையே வேற, இதை எழுதறப்ப எனக்கே தொண்டை அடைக்குது.

கல்யாண வழி ஒண்ணு உண்டு. இந்தியரைக் கட்டினவங்க ஏழு வருஷம் இங்க வசிச்சிருந்தா பதிவு மூலமா குடியுரிமை கேட்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா சட்டவிரோதமா வந்தவங்க அப்படிக் கேட்க முடியாதுன்னு அதே சட்டம் சொல்லுது, உங்க ஆட்களை அந்தக் கணக்குலதான் அதிகாரிகள் வைக்கிறாங்க. படகுல உயிரைக் கையில பிடிச்சுட்டு வந்தவங்க பாஸ்போர்ட்ல முத்திரை வாங்கிட்டா வருவாங்க? 2019 திருத்தச் சட்டத்துலயும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூணுதான் இருக்கு, இலங்கை இல்ல. 2025ல மத்திய அரசு போட்ட உத்தரவுல, 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லங்கறதுக்கான தண்டனையில இருந்து விலக்கு கொடுத்திருக்காங்க. பயம் கொஞ்சம் குறையும், ஆனா அது குடியுரிமை கிடையாது, அப்படின்னு யாராவது சொல்லி காசு கேட்டா கொடுத்துடாத.

உன் மகன் விஷயம்தான் சிக்கல். 2004 டிசம்பர் 3ல இருந்து பொறந்த பிள்ளைக்கு ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாதுன்னு விதி. நீ இங்கயே பொறந்தவ, எல்லை தாண்டி வரவே இல்ல, உன்னை எப்படி அப்படிச் சொல்றதுன்னு நல்ல வக்கீல் வாதாட இடம் இருக்கு. அதனால ஸ்கூல்லயோ வேற ஆபீஸ்லயோ யாராவது வாய்க்கு வந்தபடி சொன்னா அதை முடிவா எடுத்துக்காத.

மொதல்ல கோயில் கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணு, பன்னெண்டு வருஷம் ஆச்சேன்னு தயங்காத. உன்னோட பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை, ஸ்கூல் டிசி, மகனோட பிறப்புச் சான்றிதழ், அவரோட ஆவணம் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வை. பேரு எல்லாத்துலயும் ஒரே எழுத்துல இருக்கான்னு பாரு, ஒரு இனிஷியல் மாறினாக்கூட பின்னாடி பெரிய தலைவலி. அப்புறம் ஜில்லா கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, அது உன் உரிமை. அவரையும் கூட்டிட்டுப் போ. இது உன் ஒருத்தியோட அலைச்சல்னு அவர் வீட்ல உட்கார்ந்துடக் கூடாது.

என் பொண்ணுக்கு யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு வரன் வந்திருக்கு, பையன் தங்கமான பையன். கப்பலும் விட்டாச்சு, பக்கம்தானேன்னு வீட்ல சொல்றாங்க. கொடுக்கலாமா?
(ஒரு அம்மா, நாகப்பட்டினம்)

பையன் நல்லவன், பொண்ணுக்குப் பிடிச்சிருக்குன்னா தாராளமா கொடுங்க. நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கற காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க, கொஞ்ச நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஆரம்பிச்சுது, நாலு மணி நேரப் பயணம். சென்னையில இருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண ஏர்போர்ட்டுக்கு, பிளைட்டும் இருக்கு. ஆனா கடல் காலம் சரியில்லன்னா கப்பல் நிக்கும், அதை நம்பியே வளைகாப்புக்கு நாள் குறிச்சிடாதீங்க.

ஜாதகம் பார்க்கறதுக்கு முன்னாடி காகிதம் பாருங்கன்னு சொல்லுவேன். கல்யாணத்தை எந்த நாட்ல பதிவு பண்ணப் போறீங்க, பொண்ணுக்கு அங்க என்ன விசா, எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், வேலை பார்க்க அனுமதி உண்டா, இதை பையன் வீட்ல நேரா கேளுங்க, கேட்டா கோவிச்சுக்கிறவங்களா இருந்தா அதுவே ஒரு பதில். இன்னொண்ணு, இந்தியாவுல இரட்டைக் குடியுரிமை கிடையாது, வேற நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தா அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும். அதனால அவசரப்பட்டு பாஸ்போர்ட்டை மாத்த வேண்டாம். அந்தப் பாஸ்போர்ட் உங்க பொண்ணு கையில, அவ பீரோவுல, அவ சாவியில இருக்கணும், மாமியார் பீரோவுல இல்ல. நகைக்கு எவ்வளவு பேசறோம், இதையும் பேசிடுங்க.

வணக்கம்மா. எனக்கு எழுதத் தெரியாது, பேத்தி எழுதறா. நான் 1974ல சிலோன்ல இருந்து வந்தவ. எங்கக்கா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்துச்சு, 83க்கு அப்புறம் கடுதாசி இல்ல. இருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும், எப்படித் தேடறது?
(ஒரு பாட்டி, கோத்தகிரி)

பாட்டி, உங்க கேள்வியை ரெண்டு தடவை வாசிச்சேன். நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இருந்தாலும் தேடலாம், தோட்டத்து ஜனம் ஒருத்தரை ஒருத்தர் லேசுல மறக்க மாட்டாங்க. 83 கலவரத்துலயும் அதுக்கு முன்னாடி 77 கலவரத்துலயும் நிறைய பேரு மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயிட்டாங்க, அதனால ஹட்டன்ல இல்லன்னு ஒரு பதில் வந்தா அதோட விட்டுடாதீங்க, அங்கயும் கேட்கணும்.

பேத்திக்குச் சொல்றேன் கண்ணு, மொதல்ல அந்தத் தோட்டத்தோட பேரையும் டிவிஷன் பேரையும் பாட்டிகிட்ட கேட்டு எழுதிக்கோ. மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா, லயம் கோயிலுக்குப் பக்கமா, ஸ்டோருக்குப் பக்கமா, எது ஞாபகம் வந்தாலும் சரி. தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கடுதாசி, அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவருக்கு ஒண்ணு, பக்கத்துப் பள்ளிக்கூடத்து அதிபருக்கு ஒண்ணு, அங்க ஹெட்மாஸ்டரை அதிபர்னுதான் சொல்லுவாங்க. இதுல ஒண்ணாவது யார் கையிலயாவது போய்ச் சேரும். செஞ்சிலுவைச் சங்கத்துல பிரிஞ்சு போன குடும்பங்களைத் தேடிக் கொடுக்கற வேலை தனியா இருக்கு, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிக் கேளு, அதுக்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்ல.

பாட்டியோட பழைய குடும்ப அட்டை, 74ல வந்த பாஸ்போர்ட் பத்திரமா இருக்கான்னு பாரு, அதுல தோட்டத்துப் பேரு இருக்க வாய்ப்பு உண்டு. அதோட போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்பி வை, அடுத்த இதழ்ல போடறோம், எங்க இதழ் அந்தப் பக்கமும் கொஞ்ச பேரு கையில போகுது. அக்காவோட பேரை எழுதறப்ப செக்ரோல்ல, அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டுல, இருந்த பேரு மட்டும் எழுதாத. வீட்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க, லயத்துல என்ன பட்டப் பேரு, அதையும் கேட்டு எழுது. அந்தப் பேரைச் சொன்னாத்தான் அங்க யாருக்காவது ஞாபகம் வரும்.